பின்பாரம் கூடினால் படகு சொற்கேளாது

பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைநாட்டில் ஊற்றெடுக்கும் கல்லோயா, இங்கினியாகலையில் மறிக்கப்பட்டு சேனநாயக்க சமுத்திரமாக விரிகிறது. யானைகளைப் பார்க்க வருவோர் அங்கு இயந்திரப் படகில் செல்கின்றனர். இத்தகைய நீர்த்தேக்கங்களில் பட்டமரக் கட்டைகள் நீரில் மறைந்திருக்கலாம். ஓட்டுபவருக்கு முன்பக்கம் தெரிவது உயிர்ப் பிரச்சினை.

பழைய இயந்திரத்தை எடுத்துவிட்டுப் பாரமான ஒன்றைப் பூட்டினால் பின்பக்கம் தாழும். அணியம் உயர்ந்து பார்வையை மறைக்கும். உயர்ந்த அணியத்தைக் காற்று இழுக்கும். வேகத்தில் முன்பகுதி எழுந்தெழுந்து விழும். திடீரென வேகத்தைக் குறைத்தால், துரத்திவரும் அலை பின்பக்கத்தால் உள்ளே புகும்.

முதல் மருந்து பாரத்தை நகர்த்துவது. புதிய இயந்திரம் 15 கிலோ கூடுதல், அது படகின் நடுவிலிருந்து 2 மீற்றர் பின்னால் இருக்கிறது என்று வைப்போம். 20 லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 15 கிலோ. அந்தக் கலனைப் பின்பக்கத்திலிருந்து 2 மீற்றர் முன்னே நகர்த்திக் கட்டினால் சரிவு ஈடாகும். நங்கூரத்தையும் முன்னே வைக்கலாம்.

அடுத்து, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அதன் சாய்வுக் கம்பியைப் படகுப் பக்கமாக ஒரு துளை மாற்றுங்கள். அணியம் இறங்கும். அளவு மீறினால் அணியம் நீரில் குத்தி, படகு பக்கவாட்டில் இழுக்கும். ஆகவே ஒவ்வொரு துளையாக மாற்றிப் பாருங்கள்.

ஆனால் இவை மொத்தப் பாரத்தைக் குறைப்பதில்லை. கூடிய கிலோவுக்கு ஏற்ப ஆட்களையோ பொருட்களையோ குறைக்கவேண்டும். மட்டக்களப்பு வாவியிலும் நந்திக்கடலிலும் இதே கணக்குத்தான். உயிர்காப்பு அங்கியை மட்டும் குறைக்காதீர்கள்.