மடியில் மூன்று பிள்ளைகள்

தர்மத்தைக் கண்ணால் காண முடியுமா? இத்தாலி தேசத்துச் சித்திரக்காரர்கள் முடியும் என்றே நம்பினார்கள். பதுவா நகரத்துச் சிற்றாலயம் ஒன்றின் சுவரில், ஏறக்குறைய 1305-ஆம் ஆண்டில், ஜியாட்டோ தர்மத்தை ஒரு பெண்ணாகத் தீட்டினார். ஒரு கையில் கனிகள் நிறைந்த பாத்திரம், மறு கையால் தன் இருதயத்தையே இறைவனுக்கு நீட்டுகிறாள், காலடியில் பணமூட்டைகள். ஆனால், அவளிடம் குழந்தை ஏதும் இல்லை.

பின்வந்தவர்கள் அவளைத் தாயாக்கினார்கள். பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சிஸின் அழைப்பை ஏற்றுச் சென்ற ஆண்ட்ரியா டெல் சார்ட்டோ, 1518-இல் எழுதிய தர்மத்தின் படம் இன்று பாரிஸ் நகரத்து லூவர் சித்திரசாலையில் இருக்கிறது. ஒரு குழந்தை பால் அருந்துகிறது. இன்னொன்று தாயை அண்ணாந்து நோக்குகிறது. மூன்றாவது அவள் காலடியில் உறங்குகிறது. கொடுப்பவர் உயர்ந்தவர், பெறுபவர் தாழ்ந்தவர் என்ற பேதம் தாய்க்கும் சேய்க்கும் இடையே ஏது?

அப்படத்துக்கு மூன்றாண்டு முன்னர், 1515-இல், போர்ச்சுக்கீசியர் பழவேற்காட்டில் மாதா கோயில் எழுப்பியதாகச் சொல்வர். இன்றும் அவ்வேரிக்கரை மீனவர் ஊர்களில் ஒன்றுக்கு நடுவூர் மாதாக்குப்பம் என்று பெயர். அவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இப்படத்தின் பிரதியை ஒரு நாள் வகுப்பில் காட்டினோம். ஒரு சிறுவன் எழுந்தான்.

"பால் குடிக்கிறவனுக்கு இன்னிக்குப் பாடு, ஸார். பார்த்துக்கிட்டிருக்கிறவனுக்கு நாளைக்கு. தூங்குறவனுக்கு நேத்தே முடிஞ்சுபோச்சு."

நாம் வியந்தோம். பழவேற்காட்டு ஏரியில் மீன்படும் இடங்கள் எல்லாம் ஒன்றுபோல் இரா. ஆகவே, எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலை கட்டுவது என்று ஊரார் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். இதுவே பாடு. வலியவன் ஒருவனே நல்ல துறையை என்றும் பற்றிக்கொள்ள இயலாது. ஏரித்தாய் பிள்ளைகளுக்கு முறைவைத்து ஊட்டுகிறாள் என்றே சொல்லலாம்.

அதற்குள் கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "எங்க வீட்டுக்குப் பாடு இல்லையே, ஸார். இதிலே நாங்க எந்தப் பிள்ளை?"

வகுப்பு மௌனமாயிற்று. பாட்டுரிமை அந்தந்தக் குப்பத்துத் தலைக்கட்டுகளுக்கே உரியது. நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கு அதில் பங்கில்லை.

சார்ட்டோவின் பலகையில் மூன்று பிள்ளைகளுக்கே இடம் இருந்தது. தாயின் மடிக்கும் அப்படி ஓர் எல்லை உண்டோ? அடுத்த முறை சீட்டுப் போட அமரும் ஊர்ப் பெரியவர்கள், அச்சிறுமியின் கேள்வியையும் நினைவிற் கொள்வார்களானால் மிக நன்று.