50 சென்ட் நிலமும் ஐந்து கேரவனும்

களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரம் நோக்கிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: ஊர் முடியவே முடியாது. நெல்லையிலிருந்து நாகர்கோவில் போகும்போது ஓர் ஊர் வரும், அப்புறம் பொட்டல், காற்றாலைகள், பிறகுதான் அடுத்த ஊர். எல்லைக்கு அந்தப் பக்கம் அப்படியில்லை. பாலராமபுரம் எங்கே முடிகிறது, நேமம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கடைப் பலகை பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வீடு, தென்னை, மரவள்ளி, மறுபடி வீடு. 2011 கணக்கெடுப்பில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1508 பேர். கேரளத்தின் எல்லா மாவட்டங்களிலும் அதுதான் அதிகம்.

கூடாரத்தை முதுகில் போட்டுக்கொண்டு கிளம்புகிறவருக்கு இந்த எண்தான் முதல் தடை. மேற்கே கடல், கிழக்கே காடு, நடுவில் இருப்பதெல்லாம் யாரோ ஒருவருடைய விளை. காடு வனத்துறையின் கையில். கடற்கரை மீனவர்களின் வேலையிடம். அதனால் இந்த நகரத்தைச் சுற்றி முகாமடிக்க இடம் தேடுவது என்பது அழகான காட்சியைத் தேடுவதல்ல. நான்கு கேள்விகளுக்குப் பதில் தேடுவது. தண்ணீர் எங்கிருந்து வரும், அழுக்குத் தண்ணீர் எங்கே போகும், கரண்ட் உண்டா, ராத்திரி அந்த வழியாக யார் நடப்பார்கள்.

முதலில் கூடாரம். மழைதான் அதற்கு எதிரி என்று நினைப்போம். தென்கேரளக் கரையோரத்தில் அதைவிடத் தொல்லை தருவது உள்ளே படுத்திருப்பவரின் மூச்சுதான். தூங்கும் மனிதர் மூச்சாலும் தோலாலும் ஓர் இரவில் ஒரு பெரிய டம்ளர் அளவுக்கு நீரை ஆவியாக வெளியே விடுகிறார். காய்ந்த ஊரில் அந்த ஆவி காற்றோடு போய்விடும். கோவளத்திலோ வர்க்கலையிலோ இரவுக் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கிறது. வெப்பநிலை ஓரிரு டிகிரி இறங்கினாலே பனி படிந்துவிடும். ஆவி போக இடமில்லாமல் கூரைத் துணியில் ஒட்டி, விடியற்காலையில் முகத்தில் சொட்டும். கூடாரம் ஒழுகுகிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் நனைந்தது சொந்த மூச்சில்தான்.

நல்ல கூடாரங்களுக்கு இரண்டு தோல் இருப்பது இதற்காக. உள்தோல் கொசுவலை போன்ற துணி. ஆவி அதைத் தாண்டிப் போய்விடும். வெளித்தோல் நீர் புகாதது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் காற்று. கடையில் வெளித்துணியில் 1500, 2000, 3000 என்று மில்லிமீட்டர் போட்டிருக்கும். துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தி அவ்வளவு உயரம் தண்ணீர் நிரப்பினாலும் கசியாது என்று பொருள். கூரைக்கு 1500 போதும். தரைத்துணிக்கு அதற்கு மேல் வேண்டும், ஏனென்றால் ஈரத்தரையில் நாம் முழங்காலை ஊன்றும்போது துணியின் மேல் வரும் அழுத்தம் மழைத்துளியின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு. முளையடிப்பது தனிக் கலை. உள்நாட்டு வெட்டுக்கல் தரையில் அலுமினிய முளை வளையும். கடல் மணலில் நிற்கவே நிற்காது. மணலில் முளைக்குப் பதில் ஒரு பையில் மண்ணை நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைத்துவிட வேண்டும். வர்க்கலையில் செங்குத்துக் குன்றின் அடியிலோ விளிம்பிலோ அடிக்கவே கூடாது. அந்தக் குன்று கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டிருக்கிறது.

காலமும் பார்க்க வேண்டும். ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்குள் நுழைகிறது. அது ஓய்ந்த கையோடு அக்டோபரில் துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழை. திருவனந்தபுரம் இரண்டையும் வாங்கிக்கொள்ளும் ஊர். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரைதான் கூடாரத்துக்கு நிம்மதி.

இனி சக்கரம் வைத்த வீடு. கேரவன் என்றதும் நமக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். ஊர் சுற்றுவதற்கென்றே கட்டிய முதல் வண்டிகளில் ஒன்று 1885-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் உருவானது. கடற்படையில் மருத்துவராக இருந்த வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் சொல்லிச் செய்தது அது. ‘வாண்டரர்’ என்று பெயர். குதிரைகள் இழுத்தன, அதில் ஸ்காட்லாந்து வரை போனார். கேரள அரசு இதைத் தொழிலாகப் பார்த்தது 2021 செப்டம்பரில். ‘கேரவன் கேரளம்’ என்று ஒரு கொள்கை அறிவித்தார்கள். முதல் நூறு கேரவன்களுக்கு ஏழரை லட்சம் ரூபாய் அல்லது முதலீட்டில் 15 விழுக்காடு, எது குறைவோ அது மானியம். அடுத்தடுத்த நூறுகளுக்குக் குறைந்துகொண்டே வரும். அடுத்த மாதமே பாரத்பென்ஸ் தன் பேருந்து அடிச்சட்டத்தின் மேல் கட்டிய கேரவன் திருவனந்தபுரத்தில் அறிமுகமானது. சோபாவாக மடங்கும் படுக்கை, குளிர்பதனப் பெட்டி, மைக்ரோவேவ், கழிவறை, ஓட்டுநருக்கும் விருந்தினருக்கும் நடுவே தடுப்பு.

செய்தித்தாள்கள் சோபாவையும் மைக்ரோவேவையும் படம் போட்டன. எனக்கு அந்தக் கொள்கையில் முக்கியமாகப் பட்டது வேறு: வண்டிக்கு நிகராக வண்டி நிற்கும் இடத்தையும் வகுத்திருந்தார்கள். கேரவன் பூங்கா என்றால் குறைந்தது 50 சென்ட் நிலம், ஐந்து வண்டியாவது நிற்க இடம். அந்த 50 சென்ட் இல்லாவிட்டால் அத்தனை வசதியும் இரண்டாம் நாளே நின்றுபோகும். ஏன் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம்.

வண்டிக்குள் இன்ஜினுக்கு ஒரு பேட்டரி, வீட்டுக்குத் தனியாக ஒரு பேட்டரி. வீட்டுப் பேட்டரி 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 1200 வாட்-மணி, அதாவது மின்வாரியக் கணக்கில் ஒன்றே கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. விளக்கு, போன், ஒரு சின்ன மின்விசிறி என்றால் மூன்று நான்கு நாள் தாங்கும். ஒரு டன் ஏசி போட்டால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கூரையில் 200 வாட் சூரியத் தகடு வைத்தாலும் நாள் முழுக்கச் சேர்ப்பது ஒரு யூனிட்தான். ஆகவே கடற்கரை வெக்கையில் கேரவனுக்குள் ஏசியோடு தூங்க வேண்டுமானால் தரையிலிருந்து ஒரு கேபிள் வந்தே ஆக வேண்டும்.

மலைக்குப் போனால் கணக்கு மாறும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி இறங்கும். பொன்முடி மலை திருவனந்தபுரம் நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். 22 கொண்டை ஊசி வளைவுகள். உயரம் ஏறத்தாழ 1100 மீட்டர். கடற்கரையில் இரவு 25 டிகிரி என்றால் அங்கே 18. ஏசியே வேண்டாம். கேரளத்தின் முதல் கேரவன் பூங்கா 2022 பிப்ரவரியில் கோவளத்தில் வராமல், பொன்முடியை ஒத்த உயரத்தில் உள்ள இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் வந்ததற்கு இந்த ஏழு டிகிரியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கேபிள் இல்லாத இடத்தில் ஜெனரேட்டரை ஓட்டிக்கொண்டே தூங்கிவிடலாமே என்று தோன்றும். கூடவே கூடாது. 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நிறுத்திய ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்கள் அந்த ஜெனரேட்டரையே ஓட்டிச் சோதித்துப் பார்த்ததில், அதன் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்தது தெரியவந்தது. அந்த வாயுவுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தூங்குகிறவர் விழிப்பதே இல்லை. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று இல்லாத கேரவனை வாடகைக்கு எடுக்காதீர்கள். மைக்ரோவேவ் இல்லாவிட்டால் பரவாயில்லை.

அடுத்தது தண்ணீர். நம்மவர் ஒருவர் வாளியில் குளித்தால் 20 லிட்டர் போகும். நான்கு பேர் குளித்தால் நூறு லிட்டர் தொட்டியில் மிச்சம் சமையலுக்கு மட்டும்தான். பெரிய தொட்டி வைக்கலாமே என்றால் லிட்டருக்கு ஒரு கிலோ எடை, அதோடு 22 வளைவு ஏற வேண்டும். இப்படி உள்ளே போன நூறு லிட்டரும் வெளியே வந்தாக வேண்டும். குளித்த நீர், பாத்திரம் கழுவிய நீர் ஒரு தொட்டியில் சேரும். கழிவறை நீர் வேறொரு தொட்டியில், அல்லது பெட்டி போல இழுத்து எடுக்கக்கூடிய 20 லிட்டர் கலத்தில் சேரும். இரண்டு பேருக்கு அது இரண்டு மூன்று நாளில் நிறைந்துவிடும். அதைக் கவிழ்க்க முறையான குழி வேண்டும். கேரளத்தில் வீட்டுக்கு ஒரு கிணறு. பக்கத்து வீட்டுக் கழிவறைக்குழியும் அந்தக் கிணறும் சில அடி தள்ளித்தான் இருக்கின்றன. ஓடையில் கவிழ்த்தால் அது யாரோ ஒருவர் குடிக்கும் நீரில் போய்ச் சேரும். கெட்டுவள்ளம் எனப்படும் படகு வீடுகள் 1990-களில் பெருகியபோது இந்தக் கேள்வியை யாரும் முதலிலேயே கேட்கவில்லை. வேம்பநாட்டுக் காயல் அதன் விலையை இன்றைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. திருவனந்தபுரத்துக்கு முட்டத்தறையில் நாளுக்கு 10.7 கோடி லிட்டர் கொள்ளும் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. நகரத்துக்குப் பக்கத்தில் கேரவன் பூங்கா தொடங்குகிறவர் முதலில் பேச வேண்டியது அங்கே போகும் டேங்கர் லாரிக்காரரிடம்.

நான்காவது கேள்வி, ராத்திரி வழிப்போக்கர். கிழக்கே நெய்யாறு, பேப்பாறை சரணாலயங்கள், வடகிழக்கே கொல்லம் மாவட்டத்துச் செந்துருணி, எல்லாம் யானைக்காடு. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் தனியார் விடுதி ஒன்றின் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் யானை தாக்கி இறந்தார். கூடாரத் துணி யானைக்குச் சுவர் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டு முகாம்களைச் சுற்றி அகழி வெட்டுவது அதனால்தான். வனத்துறை அனுமதியோடு, வனத்துறை காட்டும் இடத்தில் தங்குவதைத் தவிர இங்கே வேறு வழி கிடையாது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு அகத்தியர்கூடம், நாம் பொதிகை என்று சொல்லும் மலை. 1868 மீட்டர். ஜனவரி நடுவிலிருந்து சில வாரங்கள் மட்டும் முன்பதிவு செய்தவர்களை விடுவார்கள். போனக்காட்டில் கிளம்பி ஒரு முழு நாள் நடந்தால் அதிருமலை; இரவு வனத்துறைக் கொட்டகையில்; மறுநாள் உச்சி. வழிகாட்டிகளில் பலர் அந்த மலையின் காணிக்காரப் பழங்குடியினர். பெண்களை விடாதிருந்த வழக்கம் கேரள உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019-இல் முடிவுக்கு வந்தது. இதே மலையில் 1855-இல், திருவிதாங்கூர் வானாய்வு நிலையத்தின் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காந்த ஆய்வுக்கூடம் ஒன்றைக் கட்டினார். பூமியின் காந்தப்புலம் உயரத்தோடு எப்படி மாறுகிறது என்று திருவனந்தபுரத்து அளவுகளோடு ஒப்பிட வேண்டும் என்பது அவர் எண்ணம். மரமும் கருவிகளும் அளப்பவர்களுக்கு அரிசியும் தலைச்சுமையாகவே மேலே போயிருக்க வேண்டும். கேபிள் இல்லை, டேங்கர் இல்லை. அங்கே தங்கி அளவெடுத்த உள்ளூர் உதவியாளர்களைத்தான் இந்த மாவட்டத்தின் முதல் முகாம்வாசிகள் என்று சொல்லத் தோன்றுகிறது.

சொந்தமாக வண்டி வாங்கவும் வேண்டாம், காட்டுக்குள் போகவும் வேண்டாம் என்பவர்களுக்குத் தமிழர்களிடம் பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. டூரிஸ்ட் வேனின் கூரையில் கேஸ் சிலிண்டர், அண்டா, அரிசி மூட்டை. கார்த்திகை பிறந்தால் சபரிமலைப் பாதை நெடுக இடத்தாவளங்கள், விரி விரித்துப் படுக்க இடம், பக்கத்தில் குழாய், கழிவறை. ஆற்றுகால் பொங்கலுக்கு ஒரு நாள் திருவனந்தபுரத்துத் தெருக்களே லட்சக்கணக்கான பெண்கள் செங்கல் அடுப்பு மூட்டும் முகாமாகிவிடுகின்றன. தண்ணீர்க் குழாயும் குப்பை வண்டியும் எங்கே நிற்க வேண்டும் என்று இந்த மாநகராட்சிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மாலைக்குள் தெரு சுத்தம்.

2020 நவம்பரில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமான கே.எஸ்.ஆர்.டி.சி. செய்ததும் ஏறக்குறைய இந்த வகைதான். மூணாறு டிப்போவில் பழைய பேருந்துகளுக்குள் படுக்கைகள் அடித்து, ஆளுக்கு ஓர் இரவுக்கு 100 ரூபாய் என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுத்தார்கள். பேருந்து நகர்வதில்லை, அதனால் தொட்டி, பேட்டரி எதுவும் வேண்டாம். தண்ணீரும் கரண்டும் கழிவறையும் டிப்போவினுடையவை. பொன்முடிக்கும் போனக்காட்டுக்கும் வழி பிரிகிற விதுராவிலும் கே.எஸ்.ஆர்.டி.சி.க்கு ஒரு டிப்போ இருக்கிறது. ஏலத்துக்கு நிற்கும் பழைய பேருந்துகளில் இரண்டை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால், ஜனவரியில் அகத்தியர்கூடம் போகிறவர்கள் முந்தின இரவைக் கழிக்க அது தாராளமாகப் போதும்.