அழித்தெழுதும் அந்தச் சில நொடிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய்ச் செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் விளைவது, மாரிமழை சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கித் தேங்கிய நீரால்தான். அந்த நன்னீர், தன்னிலும் அடர்த்தி கூடிய கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழ் ஏறக்குறைய 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்கிறது கைபென்–ஹெர்ஸ்பேர்க் விதி. கணக்கைத் திருப்பிப் பார்த்தால் பயம் வரும். இறைப்பு மிஞ்சி நீர்மட்டம் 1 சென்ரிமீற்றர் இறங்கி அப்படியே நின்றுவிட்டால், உவர்நீர் காலப்போக்கில் 40 சென்ரிமீற்றர் மேலேறும். வெடிப்பும் குகையும் நிறைந்த பாறையில் இந்த எண் அச்சொட்டாகப் பொருந்தாது. ஆனால் சென்ரிமீற்றரைக்கூட அலட்சியம் செய்ய முடியாது என்பதற்கு இது போதும்.

ஆகவே இப்படியொரு கிணற்றில் நீர்மட்டம் அளக்கும் உணரியை இறக்கினால், அது சொல்லும் எண்ணை நம்பக்கூடியதாக இருக்க வேண்டும். உணரிக்கோ எண் தெரியாது. நீரின் அமுக்கத்தை அது ஒரு சிறிய வோல்ற்றளவாக மாற்றித் தரும், அவ்வளவுதான். அதை நீர்மட்டமாகக் கணித்துச் சொல்வது, உணரியோடு இணைந்த மின்சுற்றுப் பலகையில் இருக்கும் மைக்ரோகொன்ட்ரோலர் சில்லு. அதற்குள் பதிந்திருக்கும் நிரல்தான் ஃபேம்வெயர்.

அந்த நிரலில் ஒரு வரி விடுபட்டால் என்ன நடக்கும்? அடைக்கப்பட்ட அமுக்க உணரி நீரின் பாரத்தோடு, நீரின் மேல் அழுத்தும் காற்றின் பாரத்தையும் சேர்த்தே அளக்கிறது. வளியமுக்கத்தில் 1 ஹெக்டோபஸ்கால் மாற்றம் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் நீருக்குச் சமம். எங்களுடையது போன்ற வெப்பவலயத்தில் வளியமுக்கம் நாளுக்கு இருமுறை சில ஹெக்டோபஸ்கால் ஏறி இறங்கும். அதைக் கழிக்கும் வரி நிரலில் இல்லாவிட்டால், அசையாத கிணற்றுநீரும் தினம் இருமுறை ஏறி இறங்குவதாகத் தரவு காட்டும். பார்ப்பவர் அதைக் கடலின் வற்றுப்பெருக்கு என்றே நினைத்துவிடலாம். இதைச் சரிசெய்யப் புது உணரி வேண்டாம். வளியமுக்க அளவீடு கையில் இருந்தால், நிரலைத் திருத்தினால் போதும்.

சிக்கல் தொடங்குவது அந்தத் திருத்தத்தைச் சில்லுக்குள் ஏற்றும்போதுதான். நிரல் குடியிருப்பது ஃபிளாஷ் நினைவகத்தில். அங்கே ஒவ்வொரு பிற்றும், காவலியால் முழுவதும் சூழப்பட்ட நுண்ணிய தீவொன்றில் சிறைப்பட்ட இலத்திரன்கள். மின்சாரம் போனாலும் அவை வெளியேறா. ஆர்டுவீனோ ஊனோ பலகையில் உள்ள ஏற்மெகா 328பி சில்லின் நினைவகம், 25 பாகை செல்சியஸில் 100 ஆண்டுகள் தரவைக் காக்கும் என்கிறார்கள் அதன் தயாரிப்பாளர்கள். இத்தனை உறுதியான நினைவகத்துக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. 1ஐ 0 ஆக்குவதைத் தேவையான இடத்தில் மட்டும் செய்யலாம். 0ஐ மறுபடி 1 ஆக்க வேண்டுமென்றால் ஒரு பகுதி முழுவதையும் அழித்தே ஆக வேண்டும். எனவே அதே இடத்தில் புதிய நிரலை எழுதுமுன் பழையதை அழிக்க வேண்டியிருக்கிறது. அழித்ததற்கும் எழுதி முடிப்பதற்கும் இடைப்பட்ட நொடிகளில் பலகையிடம் முழுமையான நிரல் எதுவுமே இல்லை. அந்த நேரத்தில் பற்றரி இறங்கினால், பலகை விழித்தெழுந்தும் என்ன செய்வதென்று அறியாது.

இதற்கான முதல் காவல் பூட்லோடர். பலகை விழித்ததும் முதலில் ஓடும் குட்டி நிரல் அது. ஊனோவின் 32 கிலோபைற் ஃபிளாஷில் அதற்கு ஒதுக்கியிருப்பது வெறும் 512 பைற். புதிய நிரல் வருகிறதா என்று பார்க்கும், வந்தால் எழுதும், வராவிட்டால் இருக்கும் நிரலிடம் பொறுப்பைக் கொடுக்கும். வழக்கமான புதுப்பிப்பில் அது தன் இடத்தை அழிப்பதில்லை. அதனால் பாதியில் தடைப்பட்டாலும் மறுபடி தொடங்கலாம்.

ஆனால் அதற்கு யாராவது மடிக்கணினியும் வயருமாகக் கிணற்றடிக்குப் போக வேண்டும். வானொலி அலைவழியே புதுப்பிக்கும் ஈஎஸ்பி 32 போன்ற சில்லுகளில் இன்னொரு ஏற்பாட்டையும் செய்யலாம். நிரலுக்கு இரண்டு அறைகள். பழைய நிரல் ஓர் அறையிலிருந்து அளந்துகொண்டே, வந்து சேரும் புதிய நிரலை மற்ற அறையில் எழுதும். முழுவதும் பழுதின்றி வந்ததா என்று கணக்குப் பார்த்த பிறகே, ‘அடுத்த முறை அந்த அறையிலிருந்து தொடங்கு’ என்ற குறிப்பு மாறும். குறிப்பை எழுதும் கணத்தில் மின் போனால்? அதற்காகக் குறிப்பையும் இரண்டு இடங்களில் வைக்கிறார்கள். புதிய நிரல் எழுந்து, உணரியைப் படித்து, தொடர்பு கொண்டு, ‘நான் சரியாக இயங்குகிறேன்’ என்று பதிய வேண்டும். இடையில் அது உறைந்துபோனால் காவல் கடிகாரம் ஒன்று பலகையை மீளத் தொடக்கும், பூட்லோடர் பழைய நிரலுக்கே திரும்பும்.

தூரம் கூடக்கூட இந்த எச்சரிக்கையின் பெறுமதியும் கூடும். 1977இல் ஏவப்பட்ட வொயேஜர் 1 விண்கலம், 2023 நவம்பரில் புரியாத தரவை அனுப்பத் தொடங்கியது. நினைவகச் சில்லு ஒன்று பழுதாகியிருந்தது. அதிலிருந்த நிரலை மொத்தமாக வைக்க வேறெங்கும் இடமில்லாததால், நாசா பொறியியலாளர்கள் அதைத் துண்டுகளாக்கி நினைவகத்தின் வேறு இடங்களில் அமர்த்தினார்கள். சுமார் 2,400 கோடி கிலோமீற்றர் தொலைவு. கட்டளை போக 22½ மணித்தியாலம், பதில் வர இன்னொரு 22½. 2024 ஏப்ரல் 20இல் விண்கலம் மீண்டும் புரியும்படி பேசியது.

உணரிப் பலகை செய்யும் மாணவர்களுக்கு இரண்டு விடயங்கள். பெட்டியை மூடிக் கிணற்றில் இறக்குமுன், மேசையில் வைத்தே புதுப்பிப்பின் நடுவில் வேண்டுமென்று மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். பலகை அனுப்பும் ஒவ்வொரு அளவீட்டோடும் ஃபேம்வெயரின் பதிப்பு எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். பத்து ஆண்டு கழித்து அந்தத் தரவில் ஒரு திடீர் மாற்றத்தைக் காண்பவர், மாறியது நீரா நிரலா என்று அறிய அந்த எண் வேண்டும்.