விலகிப்போகவே சுரக்கும் புரதம்

மனித உடலில் பல்லின் எனாமலைவிடக் கடினமான பொருள் வேறில்லை. எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம் என்பதால் அதைக் கல்லைப் போலவே எண்ணிவிடுகிறோம். ஆனால் அது உருவாகும்போது கெட்டியான பொருளே அல்ல. கருவின் ஆறாவது வாரத்தில் வாயின் எபிதீலியப் படலம் தடித்துத் தாடைக்குள் இறங்குகிறது. அதன் வழிவந்த அமெலோபிளாஸ்ட் செல்கள் பின்னர் புரதக் கூழ் ஒன்றைச் சுரக்கின்றன. அதில் ஏறக்குறைய 90 சதவீதம் அமெலோஜெனின். எனாமெலினும் அமெலோபிளாஸ்டினும் சிறிதளவு. இந்தப் புரதங்களைச் சுரப்பது செல்லின் பாதி வேலைதான். காலமறிந்து அவற்றை அகற்றுவதில்தான் எனாமலின் உறுதி இருக்கிறது.

அகற்றப்போகும் புரதத்தை ஏன் உண்டாக்க வேண்டும், தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் உப்புப் படிவதுபோலக் கால்சியமும் பாஸ்பேட்டும் தாமே படியாதா என்று கேட்கலாம். படியும், ஆனால் தாறுமாறாகப் படியும். எனாமலின் படிகங்களோ மெல்லிய நாடாக்களாக, ஒன்றுக்கொன்று இணையாக நீள்பவை. அமெலோஜெனின் மரபணு பழுதானவர்களுக்கு எனாமல் மெலிந்தோ வலுவிழந்தோ அமைகிறது என்பதே புரதம் வீணல்ல என்பதற்குச் சான்று. சுரக்கும் காலத்திலேயே எம்எம்பி20 என்ற நொதி புரதத்தை வெட்டத் தொடங்குகிறது. பிறகு கேஎல்கே4 என்ற மற்றொரு நொதி அதைப் பொடியாக்க, படிகங்கள் பருத்து அந்த இடத்தை நிரப்புகின்றன. கேஎல்கே4 மரபணு பழுதானவர்களைப் பாருங்கள்: எனாமலின் தடிமனில் குறையில்லை, வடிவத்திலும் குறையில்லை. ஆனாலும் அது மென்மையாக, பழுப்பேறி, எளிதில் தேய்ந்துவிடுகிறது. சுரந்ததில் தவறில்லை, அகற்றியதில்தான் தவறு. என் வாதத்துக்கு இதைவிட வலுவான ஆதாரம் இல்லை.

அப்படியானால் முதிர்ந்த எனாமலில் புரதமே இருக்கக் கூடாதே என்பது அடுத்த மறுப்பு. துளி மிஞ்சுகிறது, படிகங்களுக்குள் சிக்கிப் பல ஆயிரம் ஆண்டுகள் நிலைக்கிறது. அமெலோஜெனின் மரபணு எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் இரண்டிலும் சற்றே வேறுபட்ட வடிவில் இருப்பதால், அந்தத் துளியைக் கொண்டே பல்லுக்குரியவர் ஆணா பெண்ணா என்று சொல்லலாம். ஒய் வகை அளவில் குறைவு. எனவே அது கிடைக்காதது மட்டுமே பெண் என்பதற்குச் சான்றாகாது, எக்ஸ் வகை தாராளமாகக் கிடைத்திருக்க வேண்டும். ஸ்பெயினின் வலென்சினாவில் 2008இல், யானைத் தந்தம் உள்ளிட்ட செல்வங்களோடு புதைக்கப்பட்டிருந்த, ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமையான எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. அதை ஆண் என்றே கருதிவந்தார்கள். எனாமலைச் சோதித்து 2023இல் வெளியிட்ட ஆய்வு, அது ஒரு பெண் என்று காட்டியது.