எரிமலையின் சூட்டைச் செய்மதி எப்படிக் காண்கிறது?

மட்டக்களப்பில் எரிமலை இல்லை. இலங்கையில் எங்குமே இல்லை. மகா ஓயாவிலும் கன்னியாவிலும் வெந்நீர் ஊறுவதைப் பார்த்து அடியில் எரிமலை இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டாம். மழைநீர் பாறை வெடிப்புகளுக்குள் ஆழமாக இறங்கி, அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு திரும்ப மேலே வருகிறது, அவ்வளவுதான். உயிருள்ள எரிமலைகளில் நமக்குக் கிட்ட இருப்பது பாரன் தீவு. வாவி முகத்துவாரத்திலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர் போனால் அந்தமான் கடலில் அது நிற்கும்.

போர்ட் பிளேயரிலிருந்து சுமார் 135 கிலோமீற்றர் தொலைவில், கடலுக்கு மேல் 350 மீற்றர் அளவு உயர்ந்த சாம்பல் குன்று அது. மனிதர் குடியில்லை. 1787இல் அது வெடித்ததைக் கப்பலில் போனவர்கள் எழுதி வைத்தார்கள். பின்னர் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தூங்கி, 1991இல் விழித்தது. 2005க்குப் பிறகு அடிக்கடி கக்குகிறது. 2017 ஜனவரியில் கோவாவின் தேசிய கடலியல் நிறுவன ஆய்வாளர்கள் கப்பலில் அருகே வேலை செய்துகொண்டிருந்தபோதே கண்முன் வெடித்தது. அப்படியொரு கப்பல் அங்கே நிற்பது அதிர்ஷ்டம். மற்ற நாட்களில் அந்தத் தீவுக்குக் காவல் செய்மதிதான்.

கொல்லன் உலையில் இரும்பு சூடேறச் சூடேறக் கறுப்பு சிவப்பாகி, சிவப்பு மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். சூடு கூடும்போது ஒளியின் அலைநீளம் குறைகிறது என்பதுதான் அதன் பொருள். நிலமும் கடலும் நம் உடம்பும்கூட ஒளிவிடுகின்றன. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், 10 மைக்கிரோமீற்றரை ஒட்டிய அலைநீளத்தில் வருகிறது. 800, 1,000 பாகை செல்சியஸ் சூட்டிலுள்ள எரிமலைக் குழம்பு 2, 3 மைக்கிரோமீற்றரை ஒட்டி அதிகமாக ஒளிவீசும். ஆகவே செய்மதி ஒரே இடத்தை இரண்டு அலைநீளங்களில் பார்க்கிறது: ஒன்று 4 மைக்கிரோமீற்றர் அளவில், மற்றது 11, 12 அளவில்.

இரண்டு எதற்கு? ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். நாசாவின் டெர்ரா, அக்வா செய்மதிகளிலுள்ள மோடிஸ் கருவிக்கு ஒரு படப்புள்ளி என்பது ஒரு சதுர கிலோமீற்றர், அதாவது சுமார் 247 ஏக்கர். அதில் நாற்பது பேர்ச்சஸ், கால் ஏக்கர் மட்டும், 800 பாகைக் குழம்பு என்று வையுங்கள். மீதி சாதாரண 27 பாகை. 11 மைக்கிரோமீற்றரில் அந்தப் புள்ளியின் ஒளி மூன்று வீதம்தான் கூடும், யாரும் கவனிக்கமாட்டார்கள். 4 மைக்கிரோமீற்றரிலோ ஏழு மடங்காகிவிடும். இரண்டையும் ஒப்பிட்டால், ஆயிரத்தில் ஒரு பங்கு இடத்தில் கிடக்கும் நெருப்பு 700 கிலோமீற்றர் உயரத்திலிருந்தும் பிடிபடும். இந்தத் துறையின் முழுச் சூட்சுமமும் இதுதான் என்பேன். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மோட்வோல்க் முறை 2000ஆம் ஆண்டிலிருந்து உலகின் எரிமலைகளை இப்படித்தான் தானாகவே தேடிவருகிறது. பின்னால் வந்த விர்ஸ் கருவி 375 மீற்றர் அளவுக்கு நுணுக்கமாகப் பார்க்கும். நில நடுக்கோட்டுக்கு மேலே நிலையாக நிற்கும் இன்சாட், ஹிமவாரி போன்ற வானிலைச் செய்மதிகள் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கா. ஆனால் நிமிடக் கணக்கில் படம் அனுப்பும்.

குறைகளும் உண்டு. முகில் மூடினால் அகச்சிவப்பு ஊடுருவாது. மாரிகாலத்தில் நாட்கணக்கில் குருடுதான். பகலில் வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்தால், 4 மைக்கிரோமீற்றரில் அதுவும் நெருப்புப் போலத் தெரியும். நண்பகலில் நம் வாவியே இப்படி ஏமாற்றக்கூடியது. அதனால்தான் இரவுப் படத்துக்கு மதிப்பு அதிகம். இன்னொன்று: செய்மதிக்குத் தெரிவது சூடு, அதன் காரணம் அல்ல. அறுவடை முடிந்து படுவான்கரையில் வைக்கோல் கொளுத்தினாலும், சேனைக்குக் காடு எரித்தாலும் வரைபடத்தில் அதே சிவப்புப் புள்ளிதான் விழும்.

இவ்வளவு தூரத்து எரிமலையால் நமக்கென்ன? 1883 ஓகஸ்டில் இந்தோனேசியாவின் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தபோது எழுந்த சுனாமி அலை நம் கிழக்குக் கரையையும் தொட்டது. அறுகம்பைப் பக்கம் ஒரு பெண் அதில் இறந்ததாகப் பதிவு உண்டு. வெடிப்பின் தூசியால் அடுத்த மாதம் இலங்கையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. அதே இடத்தில் முளைத்த அனக் கிரக்கட்டோவா 2018 ஜூனிலிருந்து சூடேறியதைச் செய்மதிகள் கண்டன. ஆனால் டிசம்பர் 22 இரவு அதன் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழப்போகும் நேரத்தை எந்தச் சூட்டுப்படமும் சொல்லவில்லை. சுனாமியில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எரிமலை விழித்திருக்கிறதா என்பதைச் சூட்டுப்படம் சொல்லும். எப்போது என்ன செய்யும் என்பதற்கு நிலநடுக்கமானியும் கடல்மட்ட அளவியும் ராடாரும் கூட வேண்டும்.

விமானங்களுக்குச் சூட்டைவிடச் சாம்பல்தான் ஆபத்து. இயந்திரத்துக்குள் போனால் உருகி ஒட்டிக்கொள்ளும். பாரன் தீவின் சாம்பலைப் பற்றிய அறிவித்தல் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரிலுள்ள நிலையத்திலிருந்து வருகிறது. அதுவும் பெரும்பாலும் செய்மதிப் படங்களை வைத்தே.

நீங்களே பார்க்க விரும்பினால் நாசாவின் ‘ஃபர்ம்ஸ்’ வரைபடம் இணையத்தில் இலவசம். அதிலுள்ள நேரம் உலகப் பொது நேரமாக இருந்தால் ஐந்தரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். கடலில் ஒரு சிவப்புப் புள்ளியைக் கண்டதும் தொலைபேசிக் குழுக்களில் சுனாமி என்று பரப்பாதீர்கள். எச்சரிக்கை உண்மையா என்று அறிய அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்கள்.