கடலுக்குள் வளையும் சத்தம்

2000ஆம் ஆண்டு மார்ச் 15. பஹாமாஸ் தீவுக்கூட்டத்தின் அபாக்கோ தீவில், திமிங்கல ஆய்வாளர் கென் பால்கம்ப் குடியிருந்த வீட்டுக்கு எதிரே, கரையோரத் தண்ணீரில் ஒரு கூவியே அலகுத் திமிங்கலம் வந்து கிடந்தது. ஆழ்கடலிலேயே வாழ்நாளைக் கழிக்கும் விலங்கு அது. அவர் ஆண்டுக்கணக்காகப் படகில் தேடிப்போய்ப் படமெடுத்துப் பதிவு செய்துகொண்டிருந்த இனம், வாசலுக்கே வந்து சேர்ந்திருந்தது. அன்றும் மறுநாளுமாக அந்தக் கரையோரங்களில் 17 கடல் பாலூட்டிகள் ஒதுங்கின. பெரும்பாலானவை அலகுத் திமிங்கலங்கள். ஏழு இறந்துபோயின. பால்கம்ப் இறந்தவற்றில் சிலவற்றின் தலைகளை உறைபெட்டியில் வைத்துப் பாதுகாத்தார். பின்னர் அவற்றை ஸ்கேன் செய்து பார்த்தபோது காதைச் சுற்றியும் மூளையைச் சுற்றியும் ரத்தம் கசிந்திருந்தது தெரிந்தது.

அதே வேளையில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் நீர்மூழ்கிகளைத் தேடும் சோனாரை ஒலித்தபடி அந்தத் தீவுகளுக்கு இடைப்பட்ட கால்வாயைக் கடந்திருந்தன. 2001 டிசம்பரில் கடற்படையும் அமெரிக்க மீன்வளத் துறையும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. அந்த சோனாரே காரணமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று அதில் ஒப்புக்கொண்டன.

அந்த வகை சோனாரைக் கடற்படை அதற்கு முன்பும் எத்தனையோ இடங்களில் ஒலித்திருக்கிறது. இங்கே ஏன் இப்படி ஆயிற்று? இதற்கு விடை சொல்ல, அன்றைக்கு அந்தக் கால்வாயின் தண்ணீர் எப்படி இருந்தது என்று பார்த்தாக வேண்டும்.

காற்றில் சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர். ஆனால் இந்த 1,500 எங்கும் நிலையாக நிற்பதில்லை. தண்ணீர் ஒரு டிகிரி சூடேறினால் இரண்டரை முதல் நாலரை மீட்டர் வரை கூடும். உப்பு கூடினாலும் கூடும். நூறு மீட்டர் கீழே இறங்கினால் அழுத்தத்தால் 1.7 மீட்டர் அளவுக்குக் கூடும். கேட்பதற்கு அற்ப வித்தியாசம்தான். ஆனால் சத்தம் கிலோமீட்டர் கணக்கில் பயணம் போகிறது, வழியெல்லாம் இந்த வித்தியாசம் அதை இழுத்துக்கொண்டே இருக்கிறது. மாட்டுவண்டியின் ஒரு சக்கரம் மணலில் இறங்கினால் வண்டி மணல் பக்கமே திரும்புமே, அதுபோல ஒலி அலை எப்போதும் வேகம் குறைந்த தண்ணீரின் பக்கமே வளையும்.

இப்போது காற்று பலமாக வீசி மேல்நீரை நன்றாகக் கலக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த அடுக்கு முழுவதும் ஒரே வெப்பம். மிச்சம் இருப்பது அழுத்தத்தின் விளைவு மட்டுமே. ஆகவே ஆழம் போகப் போக வேகம் கூடுகிறது, சத்தம் மேல்நோக்கி வளைகிறது. மேற்பரப்பில் முட்டிக் கீழே வருகிறது, மறுபடி மேலே வளைகிறது. இப்படித் துள்ளித் துள்ளி அந்த அடுக்குக்குள்ளேயே அடைபட்டுப் போய்க்கொண்டிருக்கும். இதை ஒலிக்குழாய் என்று சொல்லலாம். எல்லாத் திசையிலும் பரவும் சத்தம் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். குழாய்க்குள் அகப்பட்ட சத்தம் ஏறக்குறைய 3 டெசிபெல்தான் குறையும். ஒரு கிலோமீட்டரிலிருந்து பதினாறு கிலோமீட்டர் போவதற்குள் இந்த வேறுபாடு 12 டெசிபெல் ஆகிவிடும். அதாவது வலிமையில் சுமார் பதினாறு மடங்கு.

பஹாமாஸில் அன்று இப்படியொரு மேற்பரப்புக் குழாய் இருந்தது. கால்வாயோ குறுகலானது, இருபக்கமும் செங்குத்தான சுவர். பல கப்பல்கள் மணிக்கணக்கில் ஒலித்தன. ஓடி ஒளிய வழி குறைவான இடத்தில் அந்தத் திமிங்கலங்கள் வாழ்ந்தன. எல்லாம் ஒன்றுசேர்ந்தபோதுதான் அந்த விபரீதம்.

ஆழத்திலும் இத்தகைய குழாய் உண்டு. நடுக்கடலில் கீழே போகப் போகக் குளிர்ச்சியால் வேகம் குறைந்து, பிறகு அழுத்தத்தால் கூடத் தொடங்கும். பல கடல்களில் இந்த மிகக் குறைந்த வேகம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்தில் அமைகிறது. மேலே போனாலும் கீழே போனாலும் சத்தம் அங்கேயே திருப்பப்படுகிறது. 1944இல் கடலாய்வாளர் மாரிஸ் யூவிங் இதைச் சோதித்துக் காட்டினார். 1960இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு அப்பால் கடலில் வெடித்த குண்டுகளின் சத்தம், ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர் தாண்டி, மூன்றே முக்கால் மணி நேரத்தில் பெர்முடாவில் கேட்டது. எனக்கு இதைப் படித்தபோது ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை. இவ்வளவு தூரம் போகும் ஊடகத்தில்தான் நாம் இரைச்சலைக் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

கணினி இங்கேதான் வருகிறது. கடலின் வெப்பம், உப்பு, ஆழம், தரையில் இருப்பது சேறா மணலா பாறையா என்ற விவரம், சத்தத்தின் அதிர்வெண், வலிமை ஆகியவற்றைக் கொடுத்தால், எந்த இடத்தில், எந்த ஆழத்தில் எவ்வளவு சத்தம் கேட்கும் என்று அது வரைந்து காட்டும். ஒரு வழி, சத்தத்தைப் பல கதிர்களாகப் பிரித்து ஒவ்வொன்றும் எப்படி வளைகிறது என்று தொடர்வது. மைக்கேல் போர்ட்டர் எழுதிய ‘பெல்ஹாப்’ நிரல் இந்த வகை. அதிர்வெண் தாழ்வாக இருந்தால் கதிர்க்கணக்கு பிசகும். அதற்கு ஃபிரெட் டாப்பெர்ட் 1970களின் தொடக்கத்தில் பரவளையச் சமன்பாட்டைக் கடலுக்குக் கொண்டுவந்தார். பூமியைச் சுற்றி வானொலி அலை பரவுவதைக் கணக்கிட ரஷ்ய அறிவியலாளர்கள் உருவாக்கிய முறை அது. கடலை நெடுக்கில் துண்டுதுண்டாக வெட்டி, ஒரு துண்டில் இருக்கும் சத்தத்திலிருந்து அடுத்த துண்டின் சத்தத்தைக் கணித்தபடி முன்னேறும்.

படம் வரைந்தால் போதாது. திமிங்கலம் ஓரிடத்தில் நிற்பதில்லையே. கூவியே அலகுத் திமிங்கலம் 2,992 மீட்டர் ஆழம் வரை மூழ்கியதாகப் பதிவு இருக்கிறது. ஒரே மூழ்கலில் குழாய்க்குள்ளும் இருக்கும், அதற்கு அடியில் சத்தம் அதிகம் எட்டாத ஒலி நிழலுக்குள்ளும் இருக்கும். ஆகவே ஆய்வாளர்கள் கணினிக் கடலில் ‘அனிமேட்’ என்னும் கற்பனை விலங்குகளை நீந்தவிடுகிறார்கள். உண்மையான திமிங்கலங்களின் உடலில் ஒட்டிய கருவிகள் சொன்ன மூழ்கும் பழக்கத்தின்படி அவை ஏறி இறங்கும். ஒவ்வொன்றும் தான் கேட்ட சத்தத்தைக் கணக்கு வைத்துக்கொள்ளும். கப்பல் நகர, விலங்கு நகர, இதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, எத்தனை விலங்குகள் எந்த அளவைத் தாண்டின என்று எண்ணுகிறார்கள்.

இந்தக் கணக்கின் முதல் பாதியை நான் நம்புகிறேன், அது இயற்பியல். இரண்டாம் பாதியில்தான் மனிதரின் முடிவு நுழைகிறது. எந்த அளவைத் தாண்டினால் விலங்குக்குத் தொல்லை என்று வைப்பது? நெடுங்காலம் காது கெடும் அளவையே பெரிதாகப் பார்த்தார்கள். பஹாமாஸின் இன்னொரு பகுதியில், தரையெங்கும் ஹைட்ரோபோன்கள் (நீருக்கடி ஒலிவாங்கிகள்) பதித்த கடற்படைச் சோதனைக் களத்தில் நடந்த ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்தது. 2011இல் வெளிவந்த அதன் முடிவுப்படி, சுமார் 140 டெசிபெல்லிலேயே அலகுத் திமிங்கலம் இரை தேடும் ‘டிக் டிக்’ ஒலியை நிறுத்தி விலகிப்போனது. நீருக்குள் டெசிபெல் வேறு அடிப்படையில் அளக்கப்படுவதால் காற்றின் எண்ணோடு இதை நேராக ஒப்பிடக் கூடாது. காது கெடும் அளவுக்கு இது வெகு கீழே என்பதுதான் செய்தி. கடற்படையின் சோனார் பயிற்சி முடிந்து இரண்டு மூன்று நாளில் அவை படிப்படியாகத் திரும்பின.

தொல்லையின் வரம்பை 160 டெசிபெல்லிலிருந்து 140க்கு இறக்கினால் கப்பலைச் சுற்றிய ஆபத்து வட்டத்தின் ஆரம் பத்து மடங்கு ஆகும், பரப்பு நூறு மடங்கு. குழாய் இருந்தால் இன்னும் கூடுதல். அவ்வளவு பெரிய வட்டத்தில் திமிங்கலம் இருக்கிறதா என்று கப்பல் தளத்தில் நின்று தொலைநோக்கியில் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. இதனால் எனக்குச் சரியாகப் படுவது ஸ்பெயின் எடுத்த முடிவு. 2002 செப்டம்பரில் கேனரித் தீவுகளில் கடற்படைப் பயிற்சியின்போது 14 அலகுத் திமிங்கலங்கள் ஒதுங்கின. 2004இல் அந்தத் தீவுகளைச் சுற்றி அத்தகைய சோனாருக்குத் தடை வந்தது. அதற்குப் பின் அங்கே கூட்டம் கூட்டமாக அவை ஒதுங்கவில்லை என்று 2013இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.