மூச்சு சீரானதும் மருந்தை நிறுத்தலாமா?

ஓசூர் சாலையை ஒட்டிய ஹெப்பகோடி, பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கு அண்டை ஊர். வாகனப் புகையும் சாலைத் தூசும் இங்கே அன்றாடம். இவை ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை. பெங்களூரு குழந்தைநல மருத்துவர் எச். பரமேஷ், மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளிடையே நடத்திய ஆய்வில், 1979-இல் 9 விழுக்காடாக இருந்த ஆஸ்துமா, 1999-இல் 29.5 விழுக்காடாக உயர்ந்திருந்தது.

மூச்சுக்குழாய்களில் நீடிக்கும் அழற்சியே ஆஸ்துமா. தூசு, புகை, மகரந்தம், குளிர்காற்று, சளிக்காய்ச்சல் ஆகியவற்றால் குழாய்த் தசைகள் இறுகும், உட்சுவர் வீங்கும், சளி அடைக்கும். இளைப்பும் இரவு இருமலும் உறக்கத்தைக் கெடுக்கும். குழந்தைக்குப் பள்ளி தவறும். பெற்றோருக்கு ஒரு நாள் ஊதியம் போகும்.

உடனடி நிவாரண இன்ஹேலர் தசை இறுக்கத்தைச் சில நிமிடங்களில் தளர்த்தும். ஆனால் அழற்சி தணியாது. அதைத் தணிப்பது நாள்தோறும் உறிஞ்ச வேண்டிய தடுப்பு மருந்து. மூச்சு சீரானதும் அதை நிறுத்திவிட்டால் அழற்சி மீண்டும் மூளும். இன்ஹேலருக்கு உடல் அடிமையாகிவிடும் என்ற அச்சமும் வேண்டியதில்லை. மருந்து நேரே நுரையீரலை அடைவதால், மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-இல் ஆஸ்துமாவால் 4,55,000 பேர் இறந்தனர். முறையான சிகிச்சை கிட்டாத நாடுகளிலேயே இவ்விறப்புகள் மிகுதி.

பேச முடியாத அளவு மூச்சுத் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மற்ற நாள்களில், மருந்தைக் குறைப்பதையும் நிறுத்துவதையும் மருத்துவரே முடிவு செய்யட்டும்.